கீழ்ப்படிதல் வாக்குத்தத்தத்தின் விலையா?

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மறுநாள் ராத்திரி வருஷக் கடைசி ஆராதனை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையில் கரண்ட் இல்லை, மைக் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாட்டுப் பாடினோம். கூரை பறந்துபோன வீடுகளிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டியதும் வழக்கம்போல, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு சுற்றி வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை (எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அத்தைதான்) ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." பண்ருட்டிப் பக்கம் அவருடைய தம்பியின் முந்திரித் தோப்பு அப்போது வேரோடு சாய்ந்து கிடந்தது. அட்டையை பைபிளுக்குள் வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, நாம எதுல கீழ்ப்படியாமப் போயிட்டோம்?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட ஒரு பிரசங்கம் அவருடைய பயத்தை உறுதிப்படுத்துவதுபோல இருந்தது. ஜனங்கள் கீழ்ப்படியவில்லை, அதனால் காற்று வந்தது என்று.

இந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ்ப்படிந்தால் வாக்குத்தத்தம் நிறைவேறும். நிறைவேறவில்லை என்றால் எங்கேயோ கீழ்ப்படியவில்லை. நம் பக்கத்துச் சபைகளில் இந்தக் கணக்கைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. இதில் பாதி வேதத்தில் இருக்கிறது. மறுபாதி இல்லை. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காததால் நல்ல விசுவாசிகள் பலர் தேவையில்லாத பாரத்தைச் சுமக்கிறார்கள். எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தில், கீழ்ப்படிதலைச் சொல்ல வழக்கமாக வரும் சொல் 'ஷமா'. அதன் நேர்ப்பொருள் 'கேள்'. "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4 தொடங்குவதும், மோரியா மலையில் ஆபிரகாமிடம் "நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்" என்று சொல்லப்படுவதும் (ஆதியாகமம் 22:18) மூலத்தில் ஒரே வினைச்சொல்தான். நம் கரையோரமாகத் தெற்கே போனால் வரும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அதற்கப்புறம் பல கைகள் மாறி, 1871இல் ஹென்றி பவர் குழுவினரின் திருப்புதல் வந்தது. இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் வாசிக்கப்படுவது அதன் வழிவந்ததுதான். அதில் இந்த ஒரு சொல்லையே இடத்துக்குத் தகுந்தபடி கேள், செவிகொடு, கீழ்ப்படி என்று மூன்று விதமாகப் பெயர்த்திருக்கிறார்கள்.

தமிழருக்கு இது புதிதே இல்லை. "அம்மா பேச்சைக் கேளு" என்று சொன்னால் காதால் கேட்டுவிட்டுச் சும்மா இரு என்று யாரும் பொருள் கொள்வதில்லை. "இவன் சொன்ன பேச்சு கேக்கறதே இல்ல" என்றால் பையனுக்குக் காது மந்தம் என்றும் அர்த்தமில்லை. புதிய ஏற்பாட்டில் கீழ்ப்படிதலுக்கு வரும் கிரேக்கச் சொல்லும் 'கேட்டல்' என்ற வேரிலிருந்து பிறந்ததுதான். வாக்குத்தத்தம் என்பதில் உள்ள 'தத்தம்' என்றால் கொடுக்கப்பட்டது. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் 'வாக்குறுதி' என்று வரும். எப்படியும் ஒருவர் வாக்குக் கொடுக்கிறார், மற்றவர் அதைக் கேட்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடப்பதைக் கடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலாக நினைக்க ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வேதத்தின் பெரிய வாக்குத்தத்தம் ஒரு நிலத்தைப் பற்றியது. ஆகவே நிலத்து பாஷையிலேயே சொல்கிறேன். கிரயப் பத்திரம் எழுத வேண்டுமென்றால் பணம் கைமாற வேண்டும். தானப் பத்திரத்துக்கு அது வேண்டாம். எழுதிக் கொடுப்பவரின் மனசு போதும். ஆனால் அதிலும் ஒன்று உண்டு. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122ஆவது பிரிவு, கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. ஏற்றுக்கொள்ளாத தானம் செல்லாது. ஏற்றுக்கொண்டது அந்த நிலத்துக்கான விலை என்று எந்த ரிஜிஸ்தர் ஆபீசிலும் எழுத மாட்டார்கள். ஏற்றுக்கொள்ளாமலே அனுபவிக்கலாம் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். கீழ்ப்படிதலுக்கும் வாக்குத்தத்தத்துக்கும் உள்ள உறவை நான் புரிந்துகொண்டிருப்பது இப்படித்தான்.

ஆபிரகாமைப் பாருங்கள். "போ" என்ற கட்டளையும் "ஆசீர்வதிப்பேன்" என்ற வாக்கும் ஒரே மூச்சில் வருகின்றன (ஆதியாகமம் 12:1-3). அவன் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. அந்த வாக்கைப் பெறுவதற்கு அதற்கு முன் அவன் என்ன செய்திருந்தான் என்று அதிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. வாக்கு வந்தது, கேட்டான், நடந்தான். அதே அதிகாரத்தின் பின்பாதியில் பஞ்சத்துக்குப் பயந்து எகிப்துக்குப் போய், மனைவியைச் சகோதரி என்று சொல்லி அவளை ஆபத்தில் தள்ளிவிடுகிறான். கீழ்ப்படிதல்தான் விலை என்றால் அந்த இடத்திலேயே பத்திரம் ரத்தாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

15ஆம் அதிகாரம் இன்னும் ஆழமானது. கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறான் ஆபிரகாம். அந்தக் காலத்தில் உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டுகளுக்கு நடுவே நடந்து போவார்கள். சொல் தவறினால் இந்த மிருகங்களுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும் என்பது பொருள். எரேமியா 34:18 இந்த வழக்கத்தைச் சொல்கிறது. ஆனால் அன்று ஆபிரகாம் நடக்கவில்லை. அவனுக்கு அயர்ந்த நித்திரை வந்தது. புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் நடுவே கடந்து போயின. கையெழுத்து ஒருவருடையது. எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த பகுதிகளில் இது ஒன்று. ஆபிரகாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவனுடைய எதிர்காலத்துக்குத் தேவன் தம்மையே பிணை வைக்கிறார்.

சரி, அப்படியானால் 22ஆம் அதிகாரத்தில் "நீ கீழ்ப்படிந்தபடியினால்" என்று ஏன் வருகிறது? மோரியாவில் தன் மகன் ஈசாக்கைப் பலியாகக் கொடுக்கத் துணிந்த பிறகு, முன்பு சொன்ன அதே வாக்கைத்தான் தேவன் ஆணையிட்டு உறுதி செய்கிறார். வாக்கு அன்று பிறக்கவில்லை. அவன் அதை நம்பினான் என்பது அன்று கையிலும் காலிலும் தெரிந்தது. பவுல் 15ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஆபிரகாம் விசுவாசத்தினால் நீதிமானானான் என்கிறார் (ரோமர் 4). யாக்கோபு 22ஆம் அதிகாரத்தைக் காட்டி, கிரியைகளினால் அல்லவா என்கிறார் (யாக்கோபு 2:21). இரண்டு பேரையும் சண்டைக்கு நிறுத்துவது பலருக்கு வழக்கம். ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100 வயது. மோரியாவில் அவன் விறகு சுமக்கிற பையன். அதனால் இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் குறைந்தது 20 வருடமாவது இருக்கும். பவுல் விதையைக் காட்டுகிறார், யாக்கோபு அது காய்த்த மரத்தைக் காட்டுகிறார். வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த சட்டம்) அந்த வாக்கைத் தள்ளிவிடாது என்று கலாத்தியர் 3:17 சொல்வதையும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, அப்போது கீழ்ப்படியாவிட்டாலும் ஒன்றும் ஆகாதா என்று நினைத்தால், காதேஸ்பர்னேயாவுக்குப் போக வேண்டும். எகிப்திலிருந்து விடுதலையான இஸ்ரவேலர், வாக்களிக்கப்பட்ட கானான் தேசத்துக்குள் போகுமுன் தங்கின இடம் அது (எண்ணாகமம் 13, 14 அதிகாரங்கள்). 12 வேவுகாரர்கள் 40 நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு பேர் தூக்கி வருகிற அளவுக்குப் பெரிய திராட்சக்குலையோடு வந்தார்கள். நிலம் நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பத்திரமும் பழையது, உறுதியானது. ஆனாலும் பத்துப் பேரின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் உள்ளே போக மறுத்தார்கள். அந்தத் தலைமுறை 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்து அங்கேயே மடிந்தது. வாக்கு தவறவில்லை, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதிக் கொடுத்ததை வேண்டாமென்று சொன்னவர்கள் மட்டும் அனுபவிக்காமல் போனார்கள்.

இந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத வால் ஒன்று இருக்கிறது. தண்டனையைக் கேட்டதும் மறுநாள் காலையில் எழுந்து, இப்போது போகிறோம் என்று மலையேறினார்கள். வேண்டாம், கர்த்தர் உங்கள் நடுவில் இல்லை என்று மோசே தடுத்தும் கேட்கவில்லை. ஓர்மா என்ற இடம்வரை துரத்தி அடிக்கப்பட்டார்கள். முந்தின நாள் 'போ' என்றபோது போகவில்லை; மறுநாள் 'போகாதே' என்றபோது போனார்கள். வாக்குத்தத்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசினவரின் குரலை விட்டுவிட்டால், அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே தோற்கவும் முடியும். எங்கள் பக்கத்தில் "உரிமை பாராட்டுகிறேன்" என்று சத்தமாக ஜெபிக்கிற பழக்கம் அதிகம். ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. உரிமை பாராட்டுமுன் ஓர்மாவையும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தலைமுறையில் தப்பின இரண்டு பேரில் ஒருவன் காலேப். வேவு பார்க்கப் போனபோது வயது 40. நிலத்தில் பங்கு கேட்கும்போது 85. இந்த 45 வருஷத்தில் பெரும்பகுதியை, மற்றவர்கள் செய்த கீழ்ப்படியாமைக்காக அவனும் மணலில்தான் கழித்தான். கேட்டபோதும் சமவெளியைக் கேட்கவில்லை. "இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்" என்று, ராட்சதரைப்போன்ற ஏனாக்கியர் குடியிருந்த எபிரோனைக் கேட்டான் (யோசுவா 14). கீழ்ப்படிந்தவனுக்கு உடனே கிடைக்கும் என்பவர்கள் காலேபுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஏற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று காட்டும் படம், கானானுக்குள் நுழைய இஸ்ரவேலர் கடந்த யோர்தான் ஆற்றில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் கெடிலம் கரை தட்டி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு யோசுவா 3:15ஐ விளக்க வேண்டியதில்லை. நமக்கு அடைமழையில் வருகிற வெள்ளம் அங்கே வசந்தகால அறுப்பு நாட்களில் வரும். யோர்தான் கரைபுரண்டு ஓடுகிறது. தண்ணீர் நின்ற பிறகு ஆசாரியர்கள் இறங்கவில்லை. அவர்களுடைய கால் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகுதான் தண்ணீர் நின்றது. கால் நனைத்ததற்குக் கூலியாக ஆறு நின்றது என்று யாராவது சொல்வார்களா?

அத்தை எடுத்த அட்டைக்கு வருகிறேன். அந்த வசனம் உபாகமம் 28:13. அட்டையில் அச்சாவது அதன் நடுத்துண்டுதான். கட்டளைகளைக் கைக்கொள்ளச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனை அந்த வசனத்திலேயே இருக்கிறது. அட்டையில் அதற்கு இடமில்லை. 68 வசனங்கள் உள்ள அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதத்துக்கு முதல் 14, மிச்சம் 54உம் சாபம். எங்கள் அட்டைப் பெட்டியில் அந்த 54இலிருந்து ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, 'செவிகொடுத்தால்' என்ற பகுதியையும் சேர்த்து அச்சடித்தால் போதுமா? போதாது. மோவாப் சமவெளியில் ஒரு முழு ஜனத்தோடு, அவர்கள் குடியேறப் போகிற தேசத்தைக் குறித்துச் செய்த உடன்படிக்கை அது. மழை, விளைச்சல், யுத்தம், சிறையிருப்பு எல்லாம் அந்த ஜனத்தின் சரித்திரம். அதை ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கும், ஒரு தோப்பின் மரங்களுக்கும் அப்படியே ஒட்டவைப்பது வசனத்தை அது பேசாததைப் பேச வைப்பதாகும். அதே புத்தகம் 9ஆம் அதிகாரத்தில், உன் நீதியினிமித்தம் இந்த தேசத்தை உனக்குக் கொடுக்கவில்லை, நீ வணங்காக்கழுத்துள்ள ஜனம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. பத்துக் கட்டளைகளும் "நீ இப்படிச் செய்தால் உன்னை விடுதலையாக்குவேன்" என்று ஆரம்பிக்கவில்லை. உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணினவர் நானே என்றுதான் ஆரம்பிக்கின்றன. விடுதலை முந்தினது, கட்டளை பிந்தினது. 28ஆம் அதிகாரத்துச் சாபங்கள் எல்லாம் வந்து ஜனம் சிதறின பிறகும் உபாகமம் கதவை மூடவில்லை. 30:6இல், நீ அன்புகூரும்படி கர்த்தரே உன் இருதயத்தை விருத்தசேதனம்பண்ணுவார் என்று மோசே சொல்கிறார். கீழ்ப்படிகிற மனசே கடைசியில் ஒரு வாக்குத்தத்தமாகிவிடுகிறது. எரேமியா 31:33உம் எசேக்கியேல் 36:27உம் இதையே இன்னும் விரித்துச் சொல்லும்.

அட்டைகளில் மிகப் பிரபலமான இன்னொன்று எரேமியா 29:11. அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்பது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதத்தில் வருவது அது. அதற்கு முந்தின வசனத்தில், திரும்பி வர 70 வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனில் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்புகிற நாளைப் பார்க்க உயிரோடு இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த கட்டளை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். சாதாரணமான, அன்றாடக் கீழ்ப்படிதல்.

இனி அந்தக் கணக்கின் மறுபாதி: துன்பம் வந்ததென்றால் கீழ்ப்படியவில்லை என்பது. வேதம் இதைப் பல இடங்களில் நேராகவே மறுக்கிறது. எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபிடம் அவனுடைய சிநேகிதர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை லூக்கா 13இல் அவரே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். செத்தவர்கள்மேல் குற்றம் சாட்டவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. அன்று சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்றுகொண்டு, இவர்கள் கீழ்ப்படியாததால் இது வந்தது என்று சொல்கிறவர் லூக்கா 13ஐ மூடி வைத்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை முழுக்க வாசித்தாலும் இந்தக் கணக்கு உடைந்துபோகும். அது விசுவாசத்தினாலே கீழ்ப்படிந்தவர்களின் பட்டியல். சிலர் ராஜ்யங்களை ஜெயித்தார்கள், சிங்கங்களின் வாயை அடைத்தார்கள். அதே மூச்சில், சிலர் வாளால் அறுப்புண்டார்கள் என்றும் வருகிறது. இரண்டு கூட்டமும் கீழ்ப்படிந்தவர்களே. கடைசியில், இவர்களெல்லாரும் நற்சாட்சி பெற்றும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று எழுதியிருக்கிறது (11:39). அதற்கு ஒரு அதிகாரம் முன்னால், 10:36இல், இந்தக் கட்டுரையின் விஷயம் மொத்தமும் ஒரே வசனத்தில் இருக்கிறது. தேவனுடைய சித்தத்தின்படி செய்து, வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதைப் பெறும்படிக்குப் பொறுமை வேண்டும். செய்வதற்கும் பெறுவதற்கும் நடுவே 'பொறுமை' உட்கார்ந்திருக்கிறது. நம்முடைய கணக்கில் அந்தச் சொல்லுக்கு இடமே இருக்காது.

கிறிஸ்தவ நம்பிக்கையில் இதற்கெல்லாம் மையம் ஒருவர். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 1:20). அவர் மரணபரியந்தம் கீழ்ப்படிந்தார் என்று பிலிப்பியர் 2:8 சொல்கிறது. ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுகிறார்கள் என்கிறது ரோமர் 5:19. உபாகமம் 28 கேட்ட கீழ்ப்படிதலை முழுமையாகக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு வந்ததோ சிலுவை. இதை யோசித்தால், பாடு வந்ததை வைத்து ஒருவருடைய கீழ்ப்படிதலை அளக்கும் துணிச்சல் நமக்கு வராது. நம்முடைய கீழ்ப்படிதலுக்கு அதன்பின் வேலை இல்லாமல் போகவுமில்லை. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" (கற்பனை என்றால் கட்டளை) என்று அவர் சொன்னது சீஷர்களை நேசித்து, அவர்கள் கால்களைக் கழுவி முடித்த அந்த ராத்திரியில்.

அத்தைக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது ஒரு நிலக் கதை. பின்னால் ஒருநாள் சொன்னேன். எரேமியா 32. பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் ஊரான ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி அனாமெயேல் வந்து கேட்கிறான். எரேமியாவுடைய தகப்பனின் சகோதரன் மகன் அவன். சத்துரு கைக்குப் போகிற நிலத்தை யார் வாங்குவார்கள்? கர்த்தர் வாங்கு என்றார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தாளன் பாருக்கின் கையில் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னான். இன்னும் இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பது அந்தப் பத்திரத்தோடு வந்த வாக்கு. பத்திரம் போட்ட கையோடு எரேமியா ஜெபிக்கிறான். பட்டணம் கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகிறதே, நிலத்தை வாங்கச் சொல்கிறீரே என்று தன் குழப்பத்தையும் அந்த ஜெபத்தில் சொல்கிறான். முதலில் செய்துவிட்டு, அப்புறம் கேட்கிறான்.

நகரம் விழுந்தது. மிஞ்சினவர்கள் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வந்து அந்த நிலத்தை மிதித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை.

அத்தை கேட்டார்: "அப்ப அந்தப் பத்திரம் என்னாச்சு?"

எஸ்றா 2ஐத் திறந்து காட்டினேன். சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்களின் கணக்கு அது. ஊர் ஊராக, பேர் பேராக, அவசரத்தில் வாசித்தால் தாண்டிப் போய்விடுகிற அதிகாரம். 23ஆம் வசனத்தில் விரல் வைத்து அத்தையே எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.